நெட் இல்லாத ஊர்ல ஃபைல் திறக்குமா?

கேள்வி: ஆபீஸ் ஃபைல் எல்லாம் ஒன்டிரைவ்லதான் (மைக்ரோசாஃப்டோட ஆன்லைன் ஸ்டோரேஜ்) இருக்கு. அடுத்த வாரம் ஊருக்குப் போறேன், அங்க சிக்னலே கிடைக்காது. லேப்டாப்ல ஃபோல்டர் தெரியுது, அப்ப நெட் இல்லாமயும் திறக்கும்தானே?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தெரியறதை மட்டும் நம்பி கிளம்பிடாதீங்க சார். விண்டோஸ் 10, 11 ரெண்டுலயும் ஒன்டிரைவ் ஃபைல் பேரை மட்டும் காட்டிட்டு உள்ள இருக்கற சரக்கை சர்வர்லயே வச்சிருக்கும், நீங்க கிளிக் பண்றப்பதான் இறக்கும். பக்கத்துல குட்டியா ஒரு ஐகான் இருக்கும் பாருங்க, நீல மேகம்னா லேப்டாப்ல ஒண்ணும் இல்லை, வெள்ளை வட்டத்துல பச்சை டிக்னா முன்ன திறந்தப்ப இறங்கினது, ஆனா டிஸ்க்ல இடம் பத்தலைன்னா விண்டோஸே அதைத் திரும்ப மேகமாக்கிடலாம். நமக்கு வேணுங்கறது முழுப் பச்சை வட்டம், உள்ள வெள்ளை டிக். ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுங்க, அவ்வளவுதான். 20 ஜிபி ஃபோல்டர்னா சி டிரைவ்லயும் 20 ஜிபி காலியா இருக்கணும், அதனால முந்தின நாளே வீட்டு வைஃபைல ஆரம்பிச்சிடுங்க. இறங்கினதும் வைஃபையை ஆஃப் பண்ணிட்டு ரெண்டு ஃபைலைத் திறந்து பாருங்க. ஊர்ல திருத்தினதெல்லாம் நெட் வந்ததும் தானா மேல ஏறிடும். திரும்பி வந்து இடம் வேணும்னா ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுங்க, டெலீட் பட்டன் பக்கமே போகாதீங்க, அது ஒன்டிரைவ் சர்வர்லயும் சேர்த்துத் தூக்கிடும்!