அந்தாதி: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

யாப்பு பழகத் தொடங்கியிருக்கிறேன். 'அந்தாதி' என்ற சொல் எப்படி வந்தது? அந்தாட்சரியும் இதுவும் ஒன்றா? எழுதிப் பார்க்க எங்கே தொடங்குவது?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தம் முடிவு, ஆதி தொடக்கம். இரண்டும் வடசொற்கள், புணர்ந்து அந்தாதி ஆயின. ஒரு பாட்டு முடியும் இடத்திலிருந்தே அடுத்த பாட்டை எடுக்க வேண்டும். அந்தாட்சரியில் கடைசி எழுத்தைப் பிடித்தால் போதும். அந்தாதி நூல்களில் பெரும்பாலும் சொல்லையே பிடிக்கிறோம். பெயர் வடமொழி என்பதற்காக இதைத் தமிழுக்குப் பிற்காலத்தில் வந்த வழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். சங்க நூலான பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து அந்தாதியாகவே தொடுக்கப்பட்டிருக்கிறது.

அபிராமி அந்தாதியைக் கையில் எடுங்கள். முதற்பாட்டு 'விழுத்துணையே' என்று முடிகிறது, இரண்டாவது 'துணையும்' என்று தொடங்குகிறது. முன்னாலிருந்த 'விழு'வும் பின்னாலிருந்த ஏகாரமும் போய்விட்டன. இந்நூலின் பாவகையான கட்டளைக் கலித்துறை ஏகாரத்தில்தான் முடியும் என்பதால் அதை உதிர்த்தே தொடர வேண்டியிருக்கிறது. இரண்டாம் பாட்டின் முடிவு 'அறிந்தனமே', மூன்றாவதன் தொடக்கம் 'அறிந்தேன்'. இங்கே விகுதியே மாறிவிட்டது. இவ்வளவு நெகிழ்வு மரபில் உண்டு. நூறாம் பாட்டு 'உதிக்கின்றனவே' என்று முடிந்து, முதற்பாட்டின் 'உதிக்கின்ற' என்ற தொடக்கத்தைத் தொடுகிறது. இந்த வளையத்துக்கு மண்டலித்தல் என்று பெயர். நடுவில் ஒரு பாட்டு விடுபட்டால் சங்கிலி அறுந்தது உடனே தெரியும். மனப்பாடம் செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை.

பழகுவதற்கு நான்கு வெண்பா போதும். வெண்பாவின் ஈற்றுச்சீர், அதாவது கடைசிச் சீர், 'நாள்', 'மலர்', 'காசு', 'பிறப்பு' என்ற நான்கு வாய்பாடுகளில் (ஓசை அளவுகளில்) ஒன்றாகத்தான் வரும். ஆகவே 'கண்', 'மனம்', 'பாட்டு', 'உலகு' போன்ற பெயர்ச்சொற்களில் முடியுங்கள். 'உலகு' என்று முடித்தால் 'உலகில்', 'உலகெலாம்' என்று எப்படியும் எடுக்கலாம். புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்: பாட்டை 'ஆம்', 'தான்' போன்ற சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அதிலிருந்து அடுத்த பாட்டு எழும்பாது. எழுத்தை மட்டும் தொடர நினைத்தாலும் சிக்கல்தான். ன், ள், ழ், ற் வரிசை எழுத்துகளில் தமிழ்ச்சொல் தொடங்குவதில்லையே!

இன்னொன்று, முதற்பாட்டின் முதற்சொல்லை எழுதியதுமே, அந்தச் சொல்லில் முடியும் நான்காம் பாட்டின் கடைசி அடியையும் எழுதி வைத்துவிடுங்கள். அது ஈற்றுச்சீராக அமையவில்லை என்றால் முதற்சொல்லை அப்போதே மாற்றிவிடலாம். நான்காம் பாட்டுக்கு வந்தபின் மாற்றினால் முதற்பாட்டின் எதுகை, மோனை எல்லாம் கலைந்துபோகும்.