'நினைவில்லை' என்று சொன்னால் பொய் சாட்சியா?

கேள்வி: அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணைகளை விடாமல் பார்க்கிறேன். ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டாலும் அதிகாரிகள் 'நினைவில்லை', 'நான் அறிந்தவரை இல்லை' என்றே நழுவுகிறார்கள். ஒரு சேனல் பொய் சாட்சி என்கிறது, இன்னொன்று குற்றமற்றவர் என்கிறது. எதை நம்புவது? பொய் என்றால் ஏன் வழக்கு இல்லை?

பதில்: இரண்டையும் நம்பாதீர்கள். மழுப்பலை வைத்துப் பொய் சாட்சி வழக்கை நிறுத்துவது ரொம்பக் கஷ்டம். சாமுவேல் பிரான்ஸ்டன் என்ற படத் தயாரிப்பாளரைத் திவால் விசாரணையில், சுவிஸ் வங்கியில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றார். எப்போதாவது இருந்ததா என்றதற்கு, கம்பெனிக்கு ஜூரிக்கில் ஆறு மாதம் போல ஒரு கணக்கு இருந்தது என்றார். கம்பெனிக்கு இருந்தது நிஜம்தான். ஆனால் முன்பு அவர் பெயரிலேயே ஒரு கணக்கு இருந்ததே, அதைப் பற்றி மூச்சு விடவில்லை. பொய் சாட்சி என்று தண்டனை கிடைத்தது, 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சொன்ன வார்த்தை உண்மை. பதில் கேள்விக்கு ஒட்டவில்லை என்றால் மறுபடி கேட்டு மடக்க வேண்டியது கேட்பவர் வேலை என்று சொல்லிவிட்டது.

அதனால் பதிலை மட்டும் கேட்காமல் கேள்வியையும் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். கேட்டது 'நீங்கள்', பதிலில் வந்தது 'அலுவலகம்' என்றால் ஆள் மாறிவிட்டது. இறந்த காலத்தில் கேட்டதற்கு நிகழ்காலத்தில் பதில் வந்தால் காலம் மாறிவிட்டது. சில சமயம் ஒரு சின்ன ஒட்டுச் சொல் சேர்ந்திருக்கும். 2013 மார்ச்சில் உளவுத்துறைத் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பரிடம், கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தகவல்களைத் தேசியப் பாதுகாப்பு முகமை சேகரிக்கிறதா என்று செனட்டர் ரான் வைடன் கேட்டார். இல்லை என்றார் கிளாப்பர். இல்லையா என்று திரும்பக் கேட்டதும், தெரிந்தே சேகரிப்பதில்லை என்று ஒரு வாலை ஒட்டினார். ஜூனில் அந்த முகமைக்காக ஒப்பந்தத்தில் வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் கசியவிட்ட ஆவணங்கள் வெளியே வந்தன, சேகரித்தது உண்மை என்று தெரிந்தது.

இதையெல்லாம் இருபது விநாடி கிளிப்பில் பிடிக்க முடியாது. கிளிப் வெட்டுகிறவர் முதலில் வெட்டுவதே கேள்வியைத்தான், அதற்கு மேல் கொட்டை எழுத்தில் 'வசமாகச் சிக்கினார்' என்று போட்டால் பார்வைகள் குவிந்துவிடும். உதடு துடித்தது, கண் சிமிட்டினார் என்று பொய் கண்டுபிடித்துத் தரும் உடல்மொழி நிபுணர்கள் இன்னொரு கூட்டம். தயவுசெய்து இவர்களுக்குச் சந்தா கட்டாதீர்கள். சாட்சி சொல்லப் போகிற பெரிய அதிகாரி வக்கீல்களோடு உட்கார்ந்து ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வருகிறார், முகத்தையும் சேர்த்து.

சரி, 'நினைவில்லை' என்றால் தப்பித்துவிடலாமா? முடியாது. பலரும் இதை முழுக் கவசம் என்று நினைக்கிறார்கள். நினைவு இருந்தும் இல்லை என்று சொன்னதை நிரூபித்தால் அதுவும் பொய்தான், பிரான்ஸ்டன் தீர்ப்பு அங்கே கைகொடுக்காது. துணை அதிபர் டிக் செய்னியின் தலைமை அலுவலர் லூயிஸ் லிபி, ஓர் உளவுத்துறை அதிகாரி யார் என்பது தனக்கு முன்பே தெரியும் என்பதை மறந்துவிட்டதாகவும், ஒரு பத்திரிகையாளர் சொல்லித்தான் புதிதாகக் கேட்டதுபோல் இருந்ததாகவும் கிராண்ட் ஜூரியிடம் (வழக்குப் போட ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு) சொன்னார். அதற்கு முந்தைய நாட்களிலேயே அவர் அதைப் பலரோடு பேசியிருக்கிறார் என்று சாட்சி மேல் சாட்சியாக வந்து நின்றார்கள். 2007-இல் பொய் சாட்சி உட்பட நான்கு குற்றச்சாட்டுகளில் தண்டனை. ஆக, ஒருவர் நினைவில்லை என்றால் அந்த வாரத்து மின்னஞ்சலிலும் கூட்டக் குறிப்புகளிலும் அந்த விஷயம் வருகிறதா என்று தேடுங்கள். காகிதம் இல்லாவிட்டால் சந்தேகம் சந்தேகமாகவே நிற்கும். அப்புறம், லிபியின் 30 மாதச் சிறைத் தண்டனையை அவர் உள்ளே போகும் முன்பே புஷ் ரத்து செய்தார், 2018-இல் டிரம்ப் முழு மன்னிப்பே கொடுத்துவிட்டார். சட்டம் இருக்கிறது என்று உங்களிடம் எப்படி முகம் கொடுத்துச் சொல்வது?

வழக்கு ஏன் இல்லை என்றீர்கள். பொய் சாட்சிக்குக் குழு தானாக வழக்குப் போட முடியாது, நீதித்துறை அமைச்சகத்துக்கு எழுதிப் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். அந்த அமைச்சகமோ பெரும்பாலும் சாட்சி சொன்னவர் வேலை பார்க்கும் அதே அரசாங்கத்துக்குள் இருக்கிறது. பிரதிநிதிகள் சபைக் குழுவில் ஓர் உறுப்பினருக்கு வழக்கமாக ஐந்து நிமிடம். அதில் நான்கு நிமிடம் கேமராவைப் பார்த்துச் சொற்பொழிவு, மிச்சத்தில் ஒரு கேள்வி, பதில் வருவதற்குள் மணி அடித்துவிடும். இவர்களா மறுபடி கேட்டு மடக்கப் போகிறார்கள்?

நீங்கள் செய்யக்கூடியது, முழு வீடியோவையோ எழுத்துப் பதிவையோ பார்ப்பது. அச்சான பதிவு வர மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் எல்லோருக்கும் கோபம் ஆறியிருக்கும். அதோடு, பிறகு திருத்தக் கடிதம் ஏதாவது போயிருக்கிறதா என்றும் பாருங்கள். கிளாப்பர் தன் பதில் தவறானது என்று 2013 ஜூனில் குழுவுக்கு எழுதினார். வழக்கு வரவில்லை, 2017 ஜனவரி வரை அதே பதவியில் இருந்தார்.