மயக்க வாயு கொடுத்தால் பிள்ளையின் வளர்ச்சி நின்றுவிடுமா?

இரண்டு வயது மகனுக்குக் குடலிறக்க ஒப்பரேசன், மயக்க வாயு உடலின் கலங்களை (செல்களை) வளரவிடாது என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். நித்திரையில்லாமல் இருப்பீர்கள், பாவம். நான் வைத்தியர் இல்லை. யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவள். கண்ணால் கண்டதை முதலில் சொல்கிறேன்.

1986 இல் உயர்தர மாணவிகளும் நானும் இரண்டு ஜாம் போத்தல்களில் ஊறவைத்த பயறு போட்டோம். ஒன்றுக்குள் ஈதர், அதாவது முந்தி ஒப்பரேசனுக்கு மயக்கம் கொடுத்த மருந்து, நனைத்த பஞ்சை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். பிரான்சில் குளோட் பெர்னார்ட் என்ற உடலியல் அறிஞர் 1870களில் விதைகளை வைத்துச் செய்த சோதனைதான். இரண்டு நாளில் மற்றப் போத்தலில் அரைவிரல் நீளத்துக்கு வேர். ஈதர் போத்தலில் பயறு ஊதிப்போய் அப்படியே கிடந்தது. "செத்துப்போச்சு ரீச்சர்" என்றாள் ஒருத்தி. கழுவி ஈரத்துணியில் பரப்பி வைத்தோம். மூன்றாம் நாள் காலையில் வெள்ளை வெளேரென்று முளை எட்டிப் பார்த்தது. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

   ஈதர் இருந்தவரைதான் வளர்ச்சி நின்றது, எடுத்ததும் திரும்பத் தொடங்கிவிட்டது.

பயறும் பிள்ளையும் ஒன்றா என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். ஒன்றில்லைத்தான். பிள்ளைகளுக்கு இப்போது பெரும்பாலும் கொடுப்பது செவோபுளூரேன். கைக்குழந்தைகளை ஐந்து வயதுவரை தொடர்ந்து கவனித்து 2019 இல் வெளியான ஆய்வில், ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்ட மயக்கத்தால் புத்தி வளர்ச்சியில் குறை தெரியவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2016 இல் எச்சரித்தது, மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ கொடுப்பதைப் பற்றித்தான்.

நான் கவனிக்கச் சொல்வது நைட்ரஸ் ஒக்சைட் என்ற இன்னொரு மயக்க வாயுவை. அது விற்றமின் பி12 ஐச் செயலிழக்கச் செய்யும். பி12 இல்லாமல் கலம் புதிய டிஎன்ஏ உண்டாக்கத் திணறும். டென்மார்க்கில் ஏற்புவலி (ரெற்றனஸ்) நோயாளிகளுக்கு அந்த வாயுவை நாட்கணக்கில் கொடுத்து, இரத்த அணுக்களை உண்டாக்கும் என்பு மச்சை சோர்ந்து வெள்ளையணுக்கள் குறைந்துபோனதை 1956 இலேயே எழுதிவைத்தார்கள். பி12 போதுமான அளவு உள்ளவருக்குச் சின்ன ஒப்பரேசனில் அந்தப் பயம் இல்லை. ஆனால் பி12 இயற்கையாகக் கிடைப்பது பால், முட்டை, மீன், இறைச்சி போன்றவற்றில்தான்; நீங்கள் சுத்த சைவமாக இருந்து, பிள்ளையும் தாய்ப்பாலை விட்டபிறகு முட்டை, மாட்டுப்பால் தொடாமல் வளர்கிறான் என்றால், ஒப்பரேசனுக்கு முதல்நாளே மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவராகக் கேட்பார் என்று இருந்துவிடாதீர்கள்.