காரின் பின்சக்கர பிரேக் ஷூவை வீட்டிலேயே மாற்ற முடியுமா? ஒரு மணி நேரம் போதுமா?

மாற்றலாம். ஆனால் அந்த ஒரு மணி நேரக் கணக்கு, டிரம் (ஷூக்கள் உள்ளிருந்து அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் இரும்புக் கிண்ணம்) மரியாதையாகக் கழன்று வந்தால்தான். எனக்கு ஒன்றரை நாள் ஆனது.

கார் என் மாமனாருடையது, 2008 பெரோடுவா மைவி. மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிற சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. கண் அறுவை சிகிச்சைக்கு வந்த மாமா இரண்டு மாதம் எங்களோடு தங்கிவிட்டார். கார் அங்கே வாசலில் மழையில் நின்றது, கைபிரேக்கை முழுக்க இழுத்தபடி. திரும்பிப் போய் எடுத்தால், இடது பின்சக்கரம் உருளாமல் செம்மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே வந்தது.

“பட்டறைக்கெல்லாம் வேண்டாம் மாமா, நான் பார்த்துக்கிறேன்” என்று வாயை விட்டேன். முன்சக்கர பேட் சிலமுறை மாற்றிய தைரியம்தான். ஷூ செட் அறுபது வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைத்தது.

முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைபிரேக்கை இறக்கி, ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். சக்கரம் வந்தது, டிரம் வரவில்லை. இதற்கு ஒரு வழி உண்டு. டிரம் முகத்தில் மரை வெட்டிய இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை அதில் விட்டு, இதைக் கால் சுற்று, அதைக் கால் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினால், போல்ட் பின்னாலிருக்கும் ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) உதைத்து டிரம்மை வெளியே தள்ளும். பெரும்பாலும் வந்துவிடும். எனக்கு நகக்கண் அளவு நகர்ந்து நின்றது. விடுவேனா? இன்னும் முறுக்கினேன். ஒரு போல்ட்டின் தலை கையோடு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைகளும் அடைத்தாயிற்று.

சாயங்காலம் பக்கத்து வீட்டு பிட்டர் (மெக்கானிக்) தாத்தா வந்தார். கித்தா (ரப்பர்) மரம் இருந்த காலத்திலிருந்து தோட்டத்து லாரி, டிராக்டர் பார்த்தவர். டிரம்மை அவர் தொடவே இல்லை. குனிந்து காருக்கு அடியில் டார்ச் அடித்தார்.

“தம்பி, கைபிரேக்க விட்டியா?”

“விட்டேன் தாத்தா.”

“நீ விட்ட. கேபிள் விடலையே.”

அதுதான் சங்கதி. காருக்குள்ளே நெம்புகோலை இறக்கிவிட்டேன், ஆனால் கேபிள் தன் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இழுத்தபடி நின்றிருந்தது. ஷூக்கள் இரண்டும் டிரம்மை உள்ளிருந்து அணைத்துக்கொண்டிருக்க, நான் வெளியிலிருந்து மல்லுக்கட்டியிருக்கிறேன்.

கேபிள் முனையில் துரு எண்ணெய் அடித்து ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் தாத்தா கேபிளைப் பின்னுக்குத் தள்ளித் தளர்த்தினார். பின்தட்டில் ரப்பர் மூடி போட்ட ஓட்டை வழியாக ஸ்குரூடிரைவரை விட்டு, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியை வைக்கும் அட்ஜஸ்டரையும் தளர்த்தினார். டிரம் ஓரத்தைச் சுற்றி மரச்சுத்தியலால் நாலு தட்டு. வந்துவிட்டது! உட்சுவரில் ஷூவின் வடிவம் அச்சடித்த மாதிரி துருவாகப் பதிந்திருந்தது. உடைந்த போல்ட் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. வைஸ் கிரிப் இடுக்கியால் பிடித்து, முறுக்கிய திசையிலேயே திருகி உள்பக்கமாக எடுத்தோம்.

அப்புறம் நடந்ததுதான் நீங்கள் கேட்ட ஒரு மணி நேர வேலை. ஒன்று மட்டும், இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டை என்று குழம்பினால் பார்த்துக்கொள்ள ஒரு பக்கம் முழுதாக இருக்க வேண்டும். போட்டோவும் எடுத்தேன், ஆனால் எண்ணெய்க் கையோடு யார் போனைத் தொடுவது? உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றடித்துப் பறக்கவிடவோ வேண்டாம். ஷூவின் மேல் ஒட்டிய பழைய லைனிங் சிலவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டு. முகக்கவசம் போட்டு, நனைத்துத் துடையுங்கள். டிரம்மை மாட்டியதும் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாக உரசுகிற சத்தம் கேட்கும் அளவுக்கு அட்ஜஸ்டரை வையுங்கள்.

கேபிளை மாற்றுவது என் கைக்கு அடங்கவில்லை. கடைசியில் பட்டறைக்கே போனோம், மாமா ஒன்றும் சொல்லவில்லை. இப்போது ஊருக்குக் கிளம்பினால் கியரை பார்க்கிங்கில் (P) போட்டு, கைபிரேக்கை இழுக்காமல் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்துவிட்டு வருகிறார்.