அட்டை போட்ட நாவல்

அன்புள்ள ஐயா,

வேலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். வயது நாற்பத்து மூன்று. உங்கள் கட்டுரைகளை ஆறு வருடங்களாகப் படிக்கிறேன். நீங்கள் பரிந்துரைத்த நாவல்களில் பாதியையாவது படித்திருப்பேன். ஆனால் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. மாத நாவல்கள், வாரத்துக்கு இரண்டு படிக்கிறேன். கோபக்காரப் பணக்காரன், கடைசி அத்தியாயத்தில் உருகிவிடுவானே, அந்த வகை. செய்தித்தாளில் அட்டை போட்டுத்தான் கைப்பையில் வைத்திருப்பேன். போன மாதம் காட்பாடி ரயிலில் உடன் வேலை செய்யும் ஒருவர் என்ன புத்தகம் என்று கையை நீட்டினார். வினாத்தாள் என்று பொய் சொல்லிவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. இதேபோல ராணிப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஆற்காட்டில் இறங்கி நான்கு மக்கன் பேடா வாங்கிப் பஸ்ஸிலேயே தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன். என் ரசனை கெட்டுவிட்டதா? இதிலிருந்து எப்படி வெளியே வருவது? பன்னிரண்டு வயது மகள் அட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டால் என்ன சொல்வது?

பெயர் வேண்டாம், ஐயா.

*

அன்புள்ள அம்மா,

பெயரைப் போடவில்லை. கல்லூரியின் பெயரையும் எடுத்துவிட்டேன். நிம்மதியாக இருங்கள்.

முதலில் மக்கன் பேடா. மைதாவையும் கோவாவையும் பிசைந்து, உள்ளே முந்திரியும் பாதாமும் வைத்துப் பொரித்து, பாகில் ஊறவைத்த பண்டம் அது. ஒரே மூச்சில் நான்கு தின்றால் ரசனை கெடாது, சர்க்கரைதான் ஏறும். டாக்டர்களுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்கள். மகளைப் பற்றியும் கவலை வேண்டாம். அவள் எப்போதோ பிரித்துப் பார்த்திருப்பாள்.

வினாத்தாள் என்று பொய் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்கு மேலே படிக்க ஓடவில்லை. சில மாதங்களாக நானே இதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த மாதிரிக் கடிதத்துக்கு ஆறுதலாக ஒரு பதில் தயாராகவே இருக்கிறது. இன்று கேவலம் என்பார்கள், நாளை பண்பாடு என்பார்கள் என்று. அதற்குச் சான்றுகளும் நம் பக்கத்திலேயே உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளரின் கதைகளைத் தழுவி எழுதித் தள்ளினார். 1915-இல் தொடங்கிய ஆனந்தபோதினி இதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று அந்தக் காலத்தில் எச்சரித்தவர்கள் பலர். இன்று அந்தப் பொடிந்துபோன பக்கங்களை ஆய்வு மாணவர்கள் பயபக்தியோடு புரட்டுகிறார்கள். கூத்தும் அப்படித்தான். நான் பள்ளியில் படித்த நாட்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். கூத்துக் கோமாளியான கட்டியங்காரனின் கொச்சைக்கு விடிய விடியச் சிரித்துவிட்டு வகுப்பில் தூங்கியவர்களை ஓர் ஆசிரியர் பெஞ்சு மேல் ஏற்றுவார். இப்போது அதே கொச்சையை ஆராய்ந்தால் முனைவர் பட்டம் கிடைக்கும்.

எல்லாம் சரி. ஆனால் இவற்றை உங்களுக்கு வக்கீலாக வைத்துக்கொள்ள நான் விடமாட்டேன். நீங்கள் படிக்கும் நாவல்களில் பெரும்பாலானவை மோசமானவை. நானும் நூற்றுக்கணக்கில் படித்தவன், தெரிந்துதான் சொல்கிறேன். அவற்றுக்குள் சமூகவியல் இருக்கிறது, பெண்மனத்தின் ஆழம் இருக்கிறது என்றெல்லாம் நாளைக்கு எனக்கு இன்னொரு கடிதம் எழுதாதீர்கள். மோசமான நாவல், எனக்குப் பிடித்திருக்கிறது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இதைச் சொல்ல உங்களுக்கு ஏன் நாக்கு எழவில்லை?

என் கோபம் அந்த அட்டையின் மேல். அதே காட்பாடி ரயிலில், எதிர் இருக்கையில், பூக்கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு அதே நாவலை ஒருத்தி அட்டை போடாமல் படித்துக்கொண்டிருந்தால் அவளைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? பாவம், பொழுது போக்குகிறாள் என்றுதானே? அவளுக்குப் பொழுதுபோக்கு, உங்களுக்கு மட்டும் வீழ்ச்சியா? நீங்கள் செய்தித்தாளைச் சுற்றியது புத்தகத்துக்கு என்று நினைக்கிறீர்கள். அவளோடு சேர்த்துப் பார்க்கப்பட்டுவிடக் கூடாது என்றுதான் சுற்றியிருக்கிறீர்கள், அம்மா. கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். நானும் சுற்றியவன்.

எங்கள் ஊர் குடியாத்தம். அத்தை பீடி சுற்றினாள். மதியம் ஆறேழு பெண்கள் எங்கள் திண்ணையில் கூடுவார்கள். மடியில் முறம், முறத்தில் தூள், ஈரச் சாக்கில் சுற்றிய இலை. தகட்டை வைத்து இலையை வெட்டி, தூளைப் பரப்பி, உருட்டி, முனையை மடித்து, நூல் சுற்றி அறுக்க ஒரு மூச்சு விடும் நேரம்தான். கைக்கு வேலை இருக்கும், காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்காக அத்தை வாடகை நூல் நிலையத்திலிருந்து மாத நாவல் கொண்டுவருவாள். மூன்று நாவல்களைச் சேர்த்துத் தைத்த, முனை மழுங்கிய தொகுப்பு. அத்தைதான் வாசிப்பாள். வாசிக்கிற நேரத்துக்கு அவளுக்குக் கூலி போய்விடக் கூடாது அல்லவா? எழுந்து போகும்போது ஒவ்வொருத்தியும் தன் முறத்திலிருந்து ஒரு கட்டு பீடியை, எண்ணி இருபத்தைந்து, எடுத்து அத்தை முறத்தில் போடுவாள். கதாநாயகி அழுதால் திண்ணையே அழும். வில்லனுக்கு அவர்கள் கொடுத்த வசவுகளை இங்கே எழுத முடியாது. சும்மா பொழுதுபோகத்தான் என்று ஒருத்தியும் சொல்லி நான் கேட்டதில்லை. தன் கூலியில் கொடுத்து வாங்கிய பொருளுக்கு யாராவது வெட்கப்படுவார்களா?

(எங்கள் வீட்டில் மு.வ. நாவல்களும் இருந்தன. அவரும் நம் மாவட்டத்துக்காரர்தான். அத்தை கல்யாணத்துக்குப் பரிசாக வந்த மூன்று புத்தகங்கள், பக்கம் பிரிபடாமல் அலமாரியில் இருந்தன.)

1983-இல் நான் வேலூரில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். புதிதாக இலக்கிய நண்பர்கள் கிடைத்திருந்தார்கள். கையில் எப்போதும் ஒரு ருஷ்ய மொழிபெயர்ப்பு இருக்கும். படித்தேனா என்பது வேறு விஷயம். அத்தைக்குக் கண்ணில் புரை. அறுவைக்காக வேலூருக்கு அழைத்து வந்திருந்தோம். மருத்துவமனைத் தாழ்வாரத்து மரப் பெஞ்சில் உட்கார்ந்து, மங்கிய கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மற்றதால் நாவல் படித்துக்கொண்டிருந்தாள். அட்டைப் படத்தில் ஒரு பெண் கன்னத்தில் கை வைத்திருந்தாள். தூரத்தில் என் நண்பன் வருவதைப் பார்த்தேன். யோசிக்கவே இல்லை. புத்தகத்தை அத்தை கையிலிருந்து பிடுங்கிப் பையில் திணித்து, மேலே சாத்துக்குடிகளை அடுக்கினேன். அவன் பத்து நிமிடம் நின்று பேசிவிட்டுப் போனான். அத்தையை நான் அவனுக்கு அறிமுகம்கூடச் செய்துவைக்கவில்லை.

அவள் திட்டவில்லை. "எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டாயா?" என்று மட்டும் கேட்டாள்.

இனி உங்கள் இன்னொரு கேள்வி, எப்படி வெளியே வருவது. எதற்கு வர வேண்டும்? கனமான நாவல்களையும்தான் படிக்கிறீர்கள். இரண்டும் ஒரே தலைக்குள் சண்டை போடாமல் இருக்கும். செய்தித்தாளை மட்டும் கழற்றிப் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள்.

அறுவைக்குப் பிறகு அத்தைக்குக் கண்ணில் கட்டுப் போட்டிருந்தார்கள். மீதிக் கதையை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. பொது வார்டு, சுற்றிலும் கட்டில்கள். குனிந்து அவள் காதருகில் முணுமுணுத்தேன். "ஏன் திருடனைப் போல வாசிக்கிறாய்?" என்றாள். குரலை உயர்த்தினேன். எதிர்க் கட்டில் கிழவி திரும்பிப் படுத்துக் கேட்கத் தொடங்கினாள். நடுவில் கதாநாயகன் கதாநாயகியைக் கட்டிப்பிடிக்கும் இடம் வந்தது. அத்தைக்கு முன்னால் அதை எப்படி வாசிப்பது? சத்தம் வராமல் இரண்டு பக்கத்தைத் தாண்டினேன்.

"விட்ட இரண்டு பக்கத்தையும் வாசி" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வருடம் திண்ணையில் வாசித்ததே நான்தானே."