எஃப்12-ல் பூட் ஆகிறது, ஆனால் ஐபி கிடைக்கவில்லை: பூட் இமேஜில் டிரைவர் சேர்ப்பது எப்படி?

கேள்வி: திசையன்விளை பக்கம் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். டபிள்யூடிஎஸ் (விண்டோஸ் டிப்ளாய்மென்ட் சர்வீசஸ்) சர்வர் வைத்து நெட்வொர்க் வழியாகவே விண்டோஸ் 10 நிறுவுகிறோம். பழைய கணினிகளில் சிக்கல் இல்லை. திருநெல்வேலியில் அசெம்பிள் செய்து வாங்கிய 20 புதுக் கணினிகளில் மட்டும், எஃப்12 அழுத்தினால் பூட் ஆகி விண்டோஸ் லோகோ வருகிறது. அப்புறம், கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து ஐபி முகவரி பெற முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. கேபிள், ஸ்விட்ச் இரண்டையும் மாற்றிப் பார்த்துவிட்டோம்.

பதில்: முதலில் ஐபி வாங்கித்தானே அந்த லோகோ வரை வந்தது, பிறகு எப்படி ஐபி இல்லை என்கிறது என்ற குழப்பம் நியாயமானதுதான். எஃப்12 அழுத்தியதும் நெட்வொர்க் கார்டை இயக்குவது, கார்டுக்கென்று பயாஸில் உள்ள சிறு நிரல். அதுதான் ஐபி வாங்கி, சர்வரிலிருந்து, கணினியை எழுப்பும் கோப்பான பூட் இமேஜை இறக்குகிறது. இமேஜுக்குள் இருக்கும் விண்டோஸ் பிஇ (நிறுவலுக்கான சிறிய விண்டோஸ்) எழுந்ததும் அந்த நிரலின் வேலை முடிந்தது. இனி கார்டை இயக்க விண்டோஸுக்குச் சொந்த டிரைவர் வேண்டும். ரயில் நெல்லை சந்திப்பு வரைதான் கொண்டுவிடும், அங்கிருந்து திசையன்விளைக்கு பஸ் பிடிக்க வேண்டும் அல்லவா, அதே கதைதான். உங்கள் பூட் இமேஜ் தயாரானபோது இந்தப் புது சிப்கள் சந்தைக்கு வந்திருக்காது.

ஆனாலும் டிரைவர்தான் காரணம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிழைச் செய்தி நிற்கும் திரையிலேயே ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தினால் கருப்பு ஜன்னல் திறக்கும். ஐபிகான்ஃபிக் என்று அடியுங்கள். கார்டின் பெயரே வராவிட்டால் டிரைவர் இல்லை. கார்டு தெரிந்து, முகவரி 169.254 என்று தொடங்கினால் டிரைவர் சரி, டிஹெச்சிபியையோ ஸ்விட்ச் போர்ட்டையோ பார்க்க வேண்டும்.

சரி, எந்த டிரைவர்? ஒரு கணினியில் பென்டிரைவ் வழியாக விண்டோஸ் ஏற்றி, டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். வெண்டர் எண் 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக். அடுத்து வரும் டிவைஸ் எண்ணுக்குப் பொருந்தும் டிரைவரை இறக்குங்கள். செட்டப் கோப்பு இதற்கு உதவாது. அதை விரித்து ஐஎன்எஃப், சிஸ், கேட் கோப்புகள் உள்ள ஃபோல்டரை எடுங்கள். இங்கேதான் பலரும் சறுக்குவார்கள்: டிரைவர் பொருந்த வேண்டியது நிறுவப்போகும் விண்டோஸுக்கு அல்ல, பூட் இமேஜில் உள்ள விண்டோஸ் பிஇ பதிப்புக்கு. 64 பிட் இமேஜுக்கு 64 பிட் டிரைவர்.

இமேஜில் கைவைக்கும் முன் சோதித்துவிடலாம். ஃபோல்டரைப் பென்டிரைவில் போட்டு, அதே கருப்பு ஜன்னலில், டிரைவரை அப்போதே ஏற்றும் டிஆர்விலோட் கட்டளைக்கு ஐஎன்எஃப் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். பென்டிரைவுக்கு எந்த எழுத்து என்று தெரியாவிட்டால் நோட்பேட் என்று அடித்து, அதில் ஃபைல், ஓபன் போனால் எல்லா டிரைவும் தெரியும். மறுபடி ஐபிகான்ஃபிக். கார்டு வந்துவிட்டால் அதுதான் டிரைவர்.

அடுத்து, சர்வரில் பூட் விம் கோப்பின் (அதுதான் பூட் இமேஜ்) நகலை எடுத்து, காலி ஃபோல்டரில் விண்டோஸின் டிஸ்ம் கட்டளையால் மவுன்ட் செய்யுங்கள், அதாவது உள்ளிருப்பதை மாற்றும்படி அங்கே திறந்து வையுங்கள். நிறுவல் டிவிடியின் பூட் விம்மில் இரண்டு இன்டெக்ஸ் (தனித்தனி இமேஜ்) உண்டு. செட்டப் ஓடுவது இரண்டாவதில், முதலாவதில் மட்டும் சேர்த்தால் பலன் இல்லை. ஆட் டிரைவர் கொடுத்து, கமிட்டோடு (மாற்றங்களைச் சேமித்து) அன்மவுன்ட் செய்யுங்கள். அப்போது அந்த ஃபோல்டர் எக்ஸ்ப்ளோரரில் திறந்திருந்தால் பிழை வரும், மூடிவிடுங்கள். முடிந்ததும் டபிள்யூடிஎஸ்ஸில் பழைய பூட் இமேஜை வலது கிளிக் செய்து ரீப்ளேஸ் இமேஜ் கொடுங்கள். கோப்பை மாற்றிவிட்டு இதை மறந்தால் பழைய இமேஜ்தான் போய்க்கொண்டிருக்கும்.

புதிய பூட் விம்மைப் போட்டுவிட்டால் போதுமே என்று விண்டோஸ் 11 டிவிடியில் இருப்பதை எடுக்க வேண்டாம். அதை டபிள்யூடிஎஸ்ஸில் நேரடியாக வைத்து நிறுவுவதை மைக்ரோசாஃப்ட் தடுத்துவிட்டது.

இன்னொன்று, நிறுவி முடிந்த விண்டோஸுக்கும் இதே டிரைவர் தேவைப்படலாம். அதை டபிள்யூடிஎஸ்ஸின் டிரைவர்ஸ் பகுதியில் தனியாகச் சேருங்கள். அங்கே சேர்ப்பது மட்டும் பூட் இமேஜுக்குள் தானாகப் போகாது. அடுத்த முறை கணினி வாங்கும்போது கடை அண்ணாச்சியிடம் போர்டு மாடலையும் நெட்வொர்க் சிப் பெயரையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கணினிகள் வந்திறங்கும் முன்பே இமேஜைத் தயார் செய்துவிடலாம்.