மகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள்

அன்புள்ள ஐயா,

குடிபெயர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. ஆனாலும் இந்த ஊர்க்காரர்களோடு ஒட்ட முடியவில்லை. பெயரைச் சுருக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். அடையாளத்தை விட்டுக்கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வார்களா? மொழியும் சரியாக வரவில்லை. நல்லவேளையாக ஒன்பது வயது மகள் இருக்கிறாள். வங்கி, ஆஸ்பத்திரி எங்கே போனாலும் அவள்தான் எங்களுக்காகப் பேசுகிறாள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயரைச் சுருக்க வேண்டாம். நாலு தடவை திருத்திச் சொன்னால் ஐந்தாவது தடவை சரியாகக் கூப்பிடுவார்கள். அடையாளத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். தன்னுடையதை வைத்துக்கொண்டே புதிய சமூகத்தில் கலப்பதைத்தான் உளவியலாளர் ஜான் பெர்ரி ஒருங்கிணைப்பு என்கிறார். கைவிட்டுக் கரைந்துபோவதற்கு அவர் வேறு பெயர் வைத்திருக்கிறார்.

என்னை உறுத்துவது உங்கள் கடைசி வரிதான். "நல்லவேளையாக" என்று எழுத எப்படி மனம் வந்தது? சில நாட்களாக அம்மாவின் நினைவாகவே இருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

வேற்று நாட்டில் எனக்கும் அதே வேலைதான். பதினொரு வயது. அம்மாவுக்கு அடிவயிற்றில் வலி. கடைசி மாதவிலக்கு எப்போது, எத்தனை நாள் இருந்தது என்று டாக்டர் என்னிடம் கேட்டார். அந்தச் சொல் எனக்கு அவர் மொழியிலும் தெரியாது, அம்மாவின் மொழியிலும் தெரியாது. அவர் விளக்கிய பிறகு, "ரத்தம் வருதான்னு கேக்குறாரும்மா" என்றேன். அம்மா கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். என் முகத்தைப் பார்க்காமல், "எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொல்லு" என்றாள். சொன்னேன். டாக்டரும் எழுதிக்கொண்டார். அந்த வலியோடு இன்னும் ஏழு மாதம் வேலைக்குப் போய்வந்தாள். அன்று சொன்னது பொய் என்பதை, எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான் சொன்னாள்.

எவ்வளவு நன்றாகப் பேசினாலும் பிள்ளை பிள்ளைதான். அவள் காதில் விழக் கூடாததை நீங்கள் மறைப்பீர்கள். உங்களைக் கலங்கவைக்கும் என்று தோன்றுவதை அவள் மறைப்பாள். வங்கியில் கடன் பாக்கி எவ்வளவு என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டீர்கள். அப்புறம் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்க அவளுக்கு வாய் வருமா?

அமெரிக்காவில் அரசு நிதி பெறும் மருத்துவமனைகளுக்கு 2016-ல் ஒரு விதி வந்தது: அவசரநிலை தவிர, சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. நீங்கள் இருக்கும் இடத்தில் விதி எப்படியோ, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். இதில் வெட்கம் எதற்கு?

மொழி வரவில்லை என்கிறீர்கள். ஜெர்மனியில் குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பில் மொழிக்கு மட்டும் வழக்கமாக 600 பாடவேளை. பெரியவர்களுக்கு அவ்வளவு தேவைப்படுகிறது. இந்த ஆறு ஆண்டில் நீங்கள் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள். குழந்தை பேசிவிடுவதால் உங்களுக்கு அந்த அவசியமே வரவில்லை. அவசியம் வராத வரை ஊர்க்காரர்களோடு ஒட்டவும் முடியாது.

அடுத்த முறை உங்கள் மனைவி டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில், மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள்.